கடைக் கிழங்கும் விதைக் கிழங்கும்

சங்கங்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்ப்பது நம் அலுவல். ஆயினும், கணக்குப் பார்க்கச் சென்ற இடத்தில் கண்ணிற் படும் பிறவற்றையும் பாராமல் இருக்க இயலுவதில்லை. சென்ற தை மாதத்தில் கொங்கு நாட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில் சரக்கிருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தோம். அலுவல் முடிந்த பின் அங்கத்தினர் ஒருவர் வீட்டில் தறியைப் பார்க்கப் போனோம். அங்கே கிணற்றடியில் நான்கு கோணிப்பைகள் செடியோடு நின்றன. அவ்வீட்டு அம்மையார் அவற்றுள் ஒன்றைச் சாய்த்து மண்ணைக் கையாற் கிளறினார். நெல்லிக்காய் அளவு முதல் எலுமிச்சங்காய் அளவு வரையில் உருளைக்கிழங்குகள் வெளிவந்தன. விரலால் தேய்த்தாலே தோல் உரிந்தது. உப்பிட்டு வேகவைத்து, கடலையெண்ணெயில் சீரகம் தாளித்துத் தட்டில் வைத்தார். உருளைக்கிழங்குக்கு இத்தனை மணமும் இனிமையும் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தோம்.

“விதை எங்கே வாங்கினீர்கள், அம்மா?” என்று கேட்டோம்.

“விதையா? மளிகைக் கடையில் குழம்புக்கு வாங்கியதுதான், ஐயா. முளை விட்டுவிட்டது, எறிய மனம் வரவில்லை” என்றார்.

இது நடந்த சில வாரங்களுக்குப் பின், நீலகிரியில் கிழங்கு பயிரிடுவோர் சங்கம் ஒன்றின் கூட்டத்துக்குச் சென்றோம். சித்திரையில் தொடங்கும் கார்போகத்துக்கு விதைக்கடன் வழங்குவது பற்றிய ஆலோசனை அங்கே நடந்தது. அங்கத்தினர் ஒருவர் எழுந்தார்: “விதைக்கிழங்கின் விலை கையைச் சுடுகிறது. கடைக் கிழங்கும் முளைக்கத்தானே செய்கிறது? இந்தப் போகத்துக்கு மண்டியில் மலிவாகக் கிடைக்கும் கிழங்கையே சங்கம் மொத்தமாக வாங்கி எல்லோருக்கும் பங்கிட்டால் என்ன?” பலர் தலையசைத்தனர். சிலர் நம் முகத்தைப் பார்த்தனர். முடிவு செய்யாமல் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

கிணற்றடியில் நாம் உண்ட கிழங்கையும் கூட்டத்தில் எழுந்த கேள்வியையும் ஒன்றாக வைத்து எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். கடைக் கிழங்கைப் பையில் நடலாம்; வயலில் நடலாகாது. முன்னதை ஒவ்வொரு வீட்டிலும் செய்து பார்க்கவேண்டும் என்பதும், பின்னதை எந்தச் சங்கமும் செய்யக்கூடாது என்பதும் நம் துணிபு.

புதுக்கிழங்கின் சுவை

கடையில் வாங்குவதும் உருளைக்கிழங்குதான், வீட்டில் தோண்டுவதும் உருளைக்கிழங்குதான். அப்படியிருக்க, சுவையில் இத்தனை வேற்றுமை ஏன்? செடி பசுமையாக இருக்கும்போதே எடுக்கப்பெறும் இளங்கிழங்கில் நீர்ச்சத்து மிகுதி. சர்க்கரை முழுவதும் மாவாக மாறியிராது. வெந்தாலும் குழையாமல் வழுவழுப்பாக நிற்கும். முற்றிய கிழங்கிலோ மாவுச்சத்து ஏறிவிடுகிறது. பாவுக்குக் கஞ்சி காய்ச்சும் நம் நெசவாளர்க்கு மாவின் இயல்பை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

தோண்டிய பின் கழியும் காலத்தையும் கவனிக்க வேண்டும். வட மாநிலங்களில் பெரும்பாலும் மாசி, பங்குனியில் தோண்டப்பெறும் கிழங்கு குளிர்பதனக் கிடங்குகளுக்குச் செல்கிறது. ஐப்பசி, கார்த்திகை வரையில் சிறிது சிறிதாக வெளிவருகிறது. ஆகவே, தீபாவளிக்கு நாம் வாங்கும் கிழங்கு ஏழெட்டு மாதத்துக்கு முன் மண்ணை விட்டு வந்ததாக இருக்கலாம். 2 முதல் 4 டிகிரி சென்டிகிரேடு வரையிலான குளிரில் நெடுநாள் கிடந்த கிழங்கில் மாவு திரும்பச் சர்க்கரையாகிறது. அக்கிழங்கு வறுவலில் கருப்பதும், ஒருவகைத் தித்திப்புத் தட்டுவதும் இதனால்தான். புதுக்கிழங்கின் இனிமை வேறு, இது வேறு.

நீலகிரியில் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று ஆண்டுக்கு மூன்று போகம் உண்டு. அங்கே தோண்டிய கிழங்கு கிடங்கில் மாதக்கணக்கில் உறங்காமல் மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்துவிடுகிறது. ஊட்டிக் கிழங்கு என்ற பெயருக்கு நம் சந்தைகளில் இன்றும் தனி மதிப்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1935-ல் தொடங்கப்பெற்ற நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம், மலை விவசாயிகளின் கிழங்கை மேட்டுப்பாளையத்தில் ஏலத்தில் விற்றுத் தந்து அந்த மதிப்பைக் காப்பதில் பங்கு கொண்டது என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

பையில் பயிரிடும் முறை

முதலாவது, காலம். உருளைக்கிழங்குச் செடி எப்பொழுதும் வளரும். கிழங்கு வைப்பதற்கு மட்டும் இரவுக் குளிர் வேண்டும். இரவின் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிழங்கு நன்றாகத் திரளும். அதற்கு மேலே ஏற ஏறக் குறையும். நாமே இதைப் பட்டுத்தான் அறிந்தோம். அம்மையார் வீட்டில் உண்ட ஆர்வத்தில், காலத்தை எண்ணாமல் மாசியில் ஒரு பை நட்டோம். செடி முழங்கால் உயரம் தழைத்தது; பார்த்தவர் எல்லோரும் மெச்சினர். வைகாசியில் பையைக் கவிழ்த்தபோது கோலிக்குண்டு அளவில் மூன்றே கிழங்குகள் இருந்தன. ஆதலின், சமவெளியில் இருப்போர் ஐப்பசிப் பிற்பகுதி முதல் கார்த்திகை நடுவுக்குள் நட்டுவிட வேண்டும். மார்கழி, தை மாதக் குளிர் கிழங்கு திரள்வதற்கு உதவும். ஓசூர், தாளவாடி போன்ற மேட்டு நிலத்தார்க்கு இது எளிது. கோவை, ஈரோடு, சேலம் பக்கங்களில் ஓரளவு கைகூடும். கடற்கரை ஊர்களில் இரவும் வெதுவெதுப்பாகவே இருப்பதால், அங்குள்ளோர் மிகுதியாக எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது, கிழங்கைத் தேர்தல். கண்கள் விழிக்கத் தொடங்கிய, கெட்டியான, 40 முதல் 50 கிராம் எடையுள்ள கிழங்கே நல்லது. புதிதாய்த் தோண்டிய கிழங்கு இரண்டு மாதம் வரையில் உறங்கும். எவ்வளவு நீர் விட்டாலும் அது முளைக்காது. சில கிடங்குகளில் முளை எழாதிருக்கும்பொருட்டு மருந்துப் புகை இடுவதும் உண்டு. அத்தகைய கிழங்கை நட்டுக் காத்திருப்பது வீண். இதனால், சமையலறைக் கூடையில் தானாக முளை கண்டதையே எடுத்துக்கொள்க.

அக்கிழங்குகளை நேர்வெயில் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் கண்கள் மேல்நோக்கும்படி பரப்பி, இரண்டு மூன்று வாரம் வைக்க வேண்டும். இருட்டில் எழும் முளை வெளுத்து நீண்டு, தொட்டால் ஒடியும். வெளிச்சத்தில் எழும் முளையோ குட்டையாய்ப் பருத்திருக்கும். அரை அங்குல முளையே நடவுக்குப் போதும். கிழங்கு பெரிதானால், ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று கண் இருக்குமாறு அறுத்து, வெட்டுவாய் தோலிட்டு ஆறும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து நடுக. அறுத்தவுடன் நட்டால் அழுகும்.

அறுக்கும்போது ஒரு சோதனை செய்க. வெட்டிய முகத்தில் தோலை ஒட்டிப் பழுப்பு வளையம் காணப்பட்டாலோ, அழுத்தினால் சீழ் போன்ற வெண்ணீர் கசிந்தாலோ அக்கிழங்கு நடவுக்கு உதவாது. அதைக் குப்பைக் குழியிலும் போடாமல் எரித்துவிடுக. கத்தியைக் கொதிநீரில் கழுவுக. இதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

மூன்றாவது, பையும் மண்ணும். பழைய கோணிப்பையோ அடியில் துளையிட்ட சிமெண்டுப் பையோ போதும். செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்துகொள்க. பச்சைச் சாணம் கூடாது, சுண்ணாம்பும் கூடாது. அவற்றால் கிழங்கின் தோலில் சொறி காணும். பையின் வாயை மடித்துக் கால் பங்குக்கு மண் இட்டு, மூன்று கிழங்குகளை முளை மேலாக வைத்து, நான்கு விரற்கடை மண்ணால் மூடுக. செடி ஒரு சாண் உயர்ந்ததும் பாதித் தண்டு மறையும்படி மண் அணைத்துப் பையின் மடிப்பை ஏற்றுக. பை நிறையும்வரை இவ்வாறு மும்முறை செய்யலாம். கிழங்கு வேரில் காய்ப்பதில்லை. மண்ணுக்குள் மறைந்த தண்டிலிருந்து பக்கவாட்டில் ஓடும் கிளைகளின் நுனியில்தான் திரள்கிறது. ஆகவே, மண் அணைப்பது பயிரின் உயிர்நாடி. அணைக்காமல் விட்டால் வெளியே தெரியும் கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகும். பச்சையான கிழங்கில் நஞ்சு உண்டு, அதை உண்ணலாகாது. செடியில் தக்காளிப் பிஞ்சு போலக் காணும் காயும் நஞ்சே. குழந்தைகள் வாயில் இடாமல் பார்த்துக்கொள்க.

மண் எப்பொழுதும் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. தண்ணீர் ஒருநாள் மிகுந்தும் ஒருவாரம் வறண்டும் போனால் கிழங்கு வெடிக்கும். நட்ட 70 நாள் அளவில் பையின் ஓரத்தில் கைவிட்டுத் தடவிப் பார்த்து, வேண்டிய கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு செடியை வளரவிடலாம். பூத்த பிறகே எடுக்கவேண்டும் என்று சொல்வதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நம் சமவெளியில் பல செடிகள் பூப்பதே இல்லை. எடுத்த அன்றே சமைப்பதுதான் அதன் சுவைக்கு உயிர்.

மறு கார்த்திகையில் முறைப்படி நட்டோம். ஒரு பைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கிடைத்தது. இதனால் குடும்பச் செலவு குறைந்துவிடும் என்று சொல்லமாட்டோம். ஆனால், பகல் முழுதும் குழித்தறியில் கால் வைத்திருப்பவர்க்கு, மாலையில் ஒரு நாழிகை மண்ணோடு பழகுவது உடம்புக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. வீட்டுக் குழந்தைகள் உணவு எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணாற் காண்பார்கள்.

வயலில் நடலாகாது ஏன்?

நிற்க. தீர்மானம் கொண்டுவந்த அங்கத்தினரை நாம் குறை கூறவில்லை. நெல்லுக்கு விதைச் செலவு சிறிது. உருளைக்கிழங்குக்கோ ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேல் விதை வேண்டும். சாகுபடிச் செலவில் பெரும்பங்கு அதற்கே போய்விடுகிறது. அச்செலவைக் குறைக்க எண்ணுவது நியாயமே. ஆனால், எந்த இடத்தில் குறைக்கிறோம் என்பதைப் பார்க்கவேண்டும்.

நெல்லும் பருத்தியும் விதையால் பெருகுகின்றன. உருளைக்கிழங்கு தன் உடம்பின் துண்டாலேயே பெருகுகிறது. ஆகவே, தாய்க்கு உள்ள நோய் அப்படியே பிள்ளைக்கு வருகிறது. சமையலுக்கு விற்கும் கிழங்கை எவரும் நோய்க்காகச் சோதிப்பதில்லை. உண்பவர்க்கு அதனால் தீங்கும் இல்லை. நட்டால்தான் தீங்கு. அவ்வாறு மறைந்து வரும் பகைவர்களுள் மூவரை இங்கே கூறுகிறோம்.

முதற் பகை, இலைச்சுருள், தேமல் போன்ற வைரஸ் நோய்கள். இவற்றை அசுவினிப் பூச்சி செடிக்குச் செடி கொண்டு செல்கிறது. நோயுற்ற செடியின் கிழங்கு பார்வைக்குக் குற்றமற்றே இருக்கும். ஆனால், தலைமுறைக்குத் தலைமுறை விளைச்சல் தேய்ந்துகொண்டே போகும். இதைத் தடுக்கவே, அசுவினி குறைந்த குளிர்காலத்தில் சமவெளியில் விதைப் பயிரை வளர்த்து, பூச்சி பெருகுமுன் தழையை அறுத்துவிடும் முறையை மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் 1959 அளவில் வகுத்தனர். பஞ்சாபின் ஜலந்தர் வட்டாரம் விதைக்கிழங்குக்குப் பெயர் பெற்றது இம்முறையினால்தான்.

இரண்டாம் பகை, வாடல் நோய். மேலே கூறிய பழுப்பு வளையம் இதன் அறிகுறி. இந்நோயின் நுண்ணுயிர் கிழங்கோடு மட்டும் நிற்பதில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றையும் வாட்டும். மண்ணிலும் பாசன நீரிலும் தங்கிப் பரவும். பல கிழங்குகளில் அறிகுறியே தெரியாது என்பதுதான் கொடுமை. வாடிய செடியின் தண்டை அறுத்துத் தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் நிறுத்தினால், பால்போன்ற இழை கீழ்நோக்கி ஒழுகும். இச்சோதனையை எவரும் வீட்டிலேயே செய்யலாம்.

மூன்றாம் பகை, நீலகிரியார் நன்கு அறிந்த நூற்புழு. இந்தியாவில் இது முதன்முதல் கண்டறியப்பெற்றது 1961-ல், நீலகிரியில்தான். குண்டூசித் தலையினும் சிறிய அதன் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். பயிரே இல்லாவிடினும் மண்ணுக்குள் 20 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்க வல்லவை அவை. கிழங்கில் ஒட்டிய ஒரு துளி மண் போதும், புதிய நிலத்துக்குக் குடிபோக. இதன்பொருட்டே நீலகிரிக் கிழங்கு விதைக்காக வெளி மாநிலம் செல்வது 1971-ல் தடை செய்யப்பெற்றது. ஹிமாசலம், உத்தராகண்டம், ஜம்மு-காஷ்மீர் ஆகியவற்றின் விதைக்கிழங்குக்கும் 2018-ல் இதே கதி நேர்ந்தது. நாட்டுக்கே விதை அளித்த மலைகள், ஒரு புழுவினால் அத்தொழிலை இழந்து நின்றன. நூற்புழுவைத் தாங்கும் குப்ரி ஸ்வர்ணா, குப்ரி சஹ்யாத்ரி போன்ற இரகங்கள் இப்பொழுது உண்டு. ஆனால், மண்டியில் குவித்திருக்கும் கிழங்கு எந்த இரகம், எந்த மண்ணில் விளைந்தது என்பதை யார் சொல்வார்?

இவற்றோடு, மண்டிக் கிழங்கு பல இடத்தது, பல வயதினது. ஒன்று முளைத்திருக்கும், ஒன்று உறங்கும். வயலில் பாதி முளைத்துப் பாதி முளையாமற் போனால், உரத்துக்கும் கூலிக்கும் செய்த செலவு பாதி வீணாகும். நெசவாளர் ஒருவர், நம்பர் தெரியாத நூலை மலிவென்று வாங்கிப் பாவு ஓட்டுவாரா? ஓட்டினால், மிச்சம் பிடித்தது நூலிலே, இழந்தது சேலையிலே.

பையில் இத்தீங்கு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால், பை என்பது நான்கு கூடை மண். நோய் கண்டால் அதோடு முடிந்தது. அந்த மண்ணை வயலிலும் தோட்டத்திலும் கொட்டாதிருக்க வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளை ஆகியவற்றை மறுபடி அதில் நடாமல் கீரையோ அவரையோ போடவேண்டும். பையில் விளைந்த கிழங்கை மறு ஆண்டுக்கு விதையாக வைக்காமல் உண்டுவிட வேண்டும். இம்மூன்றையும் கடைப்பிடித்தால் போதும். மலைப்பகுதி அங்கத்தினர்கள் கிழங்கு கழுவிய நீரையும் வயலுக்கு விடாமல் இருப்பது நன்று. வயலில் இழப்பு ஒருவரோடு நிற்பதில்லை. ஒருவர் நிலத்து நோய் மழைநீரோடு கீழ் நிலத்துக்கு இறங்கும். கடனோ எல்லோருடைய பங்குப் பணத்தின் மேல் நிற்கும்.

சங்கம் செய்யத் தக்கது

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. விதைச் செலவு என்ற குறை அப்படியே இருக்கிறதே! அதற்கு நாம் கூறும் யோசனைகள் மூன்று.

ஒன்று: தனித்தனியே போகத் தொடக்கத்தில் அலைந்து வாங்குவதை விட்டு, அங்கத்தினர் எல்லோருடைய தேவையையும் நான்கு மாதம் முன்னரே பட்டியலிட்டுச் சங்கத்தின் பேரில் ஒரே கொள்முதலாகச் செய்க. மூட்டையில் ஆதார விதைக்கு வெள்ளை அட்டையும், சான்று விதைக்கு நீல அட்டையும் இருக்கும். அட்டை இல்லாத மூட்டைக்குப் பணம் கொடுக்கலாகாது என்று தீர்மானம் செய்க. வந்த சரக்கில் மூட்டைக்கு இரண்டு கிழங்கை அறுத்துப் பார்த்த பிறகே இருப்பில் ஏற்றுக.

இரண்டு: விதைக்கடனை ரொக்கமாகக் கொடாமல் விதையாகவே கொடுத்து, விளைச்சலை விற்கும் தொகையில் பிடித்துக்கொள்க. ரொக்கம் கைக்கு வந்தால் மலிவுக் கிழங்கின் ஆசையும் உடன் வரும்.

மூன்று: நோய் நீக்கிய தாய்ச்செடியின் நுனித்தண்டை வெட்டி வேர்விடச் செய்து நாற்றாக நடும் முறை இப்பொழுது கர்நாடகத்தில் விவசாயிகளின் நாற்றங்கால்களிலேயே நடைபெறுகிறது. கொஞ்ச நாற்றிலிருந்து சொந்த விதையைப் பெருக்கிக்கொள்ள இது வழி தருகிறது. தோட்டக்கலைத் துறையாரின் ஆலோசனையோடு, நிழல்வலைக் குடில் ஒன்றைச் சங்கமே அமைத்து, அங்கத்தினர் வீட்டு இளைஞர்க்கும் மகளிர்க்கும் அவ்வேலையைக் கொடுக்கலாம். மலிவான விதை வேண்டுமென்றால், மலிவான கிழங்கைத் தேடுவதை விட நல்ல விதையை நாமே ஆக்கிக்கொள்வதே நேர்வழி.

சங்கத்தின் கூட்டத்தில் ஆய்வாளனுக்கு வாக்கு இல்லை. கருத்துச் சொல்லும் கடமை மட்டும் உண்டு. ஒத்திவைத்த அத்தீர்மானம் மறுபடி வரும்போது, அங்கத்தினர்கள் நன்கு எண்ணி வாக்களிப்பார்கள் என்று நம்புகிறோம். வரும் கார்த்திகைக்குள் வீட்டுக்கு ஒரு கோணிப்பையேனும் கிணற்றடியில் நிற்கட்டும். தையில் அதைக் கவிழ்த்து, புதுக்கிழங்கை வேகவைத்து, அண்டை வீட்டாருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து உண்ணுங்கள். வயலுக்கு மட்டும் விதையையே நடுங்கள்.